எண்ணும் கை

1

வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனின் முகத்தை யாரும் கவனிப்பதில்லை, கையைத்தான் கவனிக்கிறார்கள். பணம் அங்கிருந்து வருகிறது. என் கைகளில் விரல் நுனி தொடங்கி மணிக்கட்டு வரை வெண்புள்ளிகள் இருக்கின்றன. இருபத்தேழாவது வயதில் வலது ஆள்காட்டி விரலின் நகத்தைச் சுற்றி அரிசி அளவில் ஆரம்பித்தது, இந்த ஒன்பது வருஷங்களில் இரண்டு கைகளையும் உதட்டின் இரு ஓரங்களையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் எதுவும் சொல்வதில்லை. சிலர் மட்டும் நான் நீட்டும் நோட்டுகளைக் கையில் வாங்காமல், "அங்கயே வச்சிடுங்க சார்" என்று கண்ணாடிக்கு அடியிலிருக்கும் பலகையைக் காட்டுவார்கள். வைத்துவிடுவேன். எடுத்துக்கொள்வார்கள். அந்த நோட்டுகளை எண்ணியதும் இதே கைதான் என்பதும், அதற்கு முன் எந்தெந்தக் கைகளோ எண்ணின என்பதும் அவர்களுக்குத் தெரியாததல்ல. அங்கே வேலை செய்வது தர்க்கம் அல்ல.

சென்ற சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகள் தன் செல்போனை என் முன் நீட்டினாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். "மாமா, இவங்களப் பாருங்க. எவ்ளோ அழகா இருக்காங்க. உங்களுக்கு இருக்கிற மாதிரியேதான்." திரையில் வின்னி ஹார்லோ என்ற கனடா நாட்டு மாடல். கரிய முகத்தில் கண்களையும் வாயையும் சுற்றி வெண்மை. விரலால் தள்ளத் தள்ள இன்னும் பலர் வந்தார்கள்; வெவ்வேறு தேசத்துப் பெண்கள், ஒரு குழந்தை, தாடியிலும் பாதி வெளுத்த ஒரு மனிதர். "நீங்களும் ஒண்ணு போடுங்க மாமா. கைய மட்டும். நான் எடுக்கிறேன்."

அவள் அன்பினால் சொன்னாள். எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. அடுத்த கணம், ஏன் என்று தெரியாமல், கைகளைப் பின்னுக்கு இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இக்கட்டுரை அந்தச் சந்தோஷத்தையும் அந்தக் கூச்சத்தையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும் முயற்சி. கேள்வி இதுதான். தன் உடலைப் பற்றி நல்லதொரு பிம்பத்தை, முகம் தெரியாத பல்லாயிரம் பேரின் பார்வையைத் துணையாகக் கொண்டு ஒருவன் கட்டிக்கொள்ள முடியுமா? முடியுமென்றால், அது விடுதலையா அல்லது அதே சிறைக்குள் சற்றுக் காற்றோட்டமான அறையா?

2

முதலில் சந்தோஷத்துக்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கு ஜனரஞ்சகமான எதையும் கண்டவுடன் முகம் சுளிக்கும் பழக்கம் உண்டு. அந்தச் சுளிப்பு பல சமயம் சரியாக இருந்திருக்கிறது. அதனாலேயே அதை நம்பிவிடக் கூடாது.

தோலுக்கு நிறம் தரும் செல்களை உடம்பின் தற்காப்பு அமைப்பே அடையாளம் தவறி அழித்துவிடுவதால் வருவது இது. தொற்றாது. வலிக்காது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தமிழில் நெடுங்காலம் இதற்கு வழங்கிய பெயர் வெண்குஷ்டம். ஒரு கிருமியால் வரும் முற்றிலும் வேறான நோயின் பெயரை இதன் மேல் ஒட்டிவிட்டார்கள். பெயரோடு அதன் பயங்களும் சேர்ந்து வந்தன. வெண்புள்ளி என்ற சொல் பரவியது பின்னால்தான். இதைச் சொல்லும்போது என்னையும் ஒரு குற்றத்தில் பிடித்துக்கொள்கிறேன். "ஒட்டாது சார், இது அது இல்ல" என்று எத்தனையோ பேரிடம் விளக்கியிருக்கிறேன். அந்த 'அது' உடையவனை இன்னும் ஒரு அடி தள்ளி நிறுத்திவிட்டுத்தான் எனக்கு இடம் கேட்டிருக்கிறேன். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த சட்டப் பிரிவை இந்த நாடு 2019இல்தான் நீக்கியது. கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து அந்நோய் முழுதாகக் குணமாகத் தொடங்கி முப்பது வருஷங்களுக்கு மேல் ஆன பிறகு.

மைக்கேல் ஜாக்ஸனை எடுத்துக்கொள்ளலாம். உலகத்தில் மிக அதிகமாகப் பார்க்கப்பட்ட உடல்களில் ஒன்று அவருடையது. தோல் வெளுக்க வெளுக்க, கறுப்பன் என்ற தன் பிறப்பை வெறுத்து வெள்ளையனாகப் பார்க்கிறான் என்று பேசினார்கள். தனக்குத் தோல் வியாதி இருக்கிறது என்று அவர் தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னது 1993இல். அதன் பின்னும் பலர் நம்பவில்லை. 2009இல் அவர் இறந்தபோது செய்த பிரேதப் பரிசோதனைதான் அது வெண்புள்ளி என்று ஊர்ஜிதம் செய்தது. இன்று அவர் இறந்த ஜூன் 25ஆம் தேதியே உலக வெண்புள்ளி தினம். தன் உடலைப் பற்றித் தான் சொன்னது உண்மை என்று நிரூபிக்க ஒரு மனிதன் சாக வேண்டியிருந்தது.

வின்னி ஹார்லோ பிறந்தது 1994இல். பள்ளிக்கூடத்தில் பசு என்றும் வரிக்குதிரை என்றும் அழைக்கப்பட்ட பெண். இன்ஸ்டாகிராமில் அவர் போட்டிருந்த படங்களைப் பார்த்துத்தான் டைரா பேங்க்ஸ் தன் தொலைக்காட்சிப் போட்டிக்கு அழைத்தார். அது 2014இல் ஒளிபரப்பாயிற்று. 2018இல் விக்டோரியாஸ் சீக்ரெட்டின் மேடையில் நடந்தார். இரண்டு வாழ்க்கைகளுக்கும் இடையில் இருபது வருஷங்கள். ஒருவர் பூச்சுக்குள் ஒளிந்தார், ஒளிந்ததற்காகவே பழிக்கப்பட்டார். மற்றவர் பூச்சைத் துடைத்துவிட்டு, எந்தப் பத்திரிகை ஆசிரியரின் அனுமதியும் இல்லாமல், தன் படத்தைத் தானே வெளியிட்டார்.

இது சிறிய விஷயமல்ல. எனக்கு வந்தபோது இதைப் பற்றி நான் பார்க்கக் கிடைத்த படங்கள் இரண்டே வகை. ஒன்று மருத்துவப் புத்தகத்தில் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை போட்ட உடல்கள். மற்றது பஸ் ஸ்டாண்டு சுவரில் 'முன்', 'பின்' என்று போட்ட லேகிய விளம்பரங்கள். இரண்டிலும் அந்த உடல் ஒரு கேஸ். சிரித்துக்கொண்டு, டீ குடித்துக்கொண்டு, யாரோ ஒருவர் தோளில் கை போட்டுக்கொண்டிருக்கும் ஒரு வெண்புள்ளி மனிதனை அதுவரை நான் படத்தில் பார்த்ததில்லை. அக்கா மகளின் செல்போனில்தான் பார்த்தேன். என் சந்தோஷம் அதுதான். தனிமையை உடைப்பதற்கு இலக்கியம்தான் வழி என்று நாம் சொல்லி வந்திருக்கிறோம். இந்தத் தனிமையை நாம் உடைக்கவில்லை. ஒரு அமெரிக்கக் கம்பெனியின் செயலி உடைத்தது. ஒப்புக்கொள்ள வேண்டும்.

3

கூச்சம் எங்கிருந்து வந்தது?

அவள் 'அழகு' என்றாள். அந்தச் சொல்லில்தான் எனக்குத் தடுக்கியது. என் கைகள் அழகில்லை என்று நான் இத்தனை நாளும் வருந்தியதாக அவள் வைத்துக்கொண்டாள். அதனால் அழகுதான் என்று ஆறுதல் சொன்னாள். ஆனால் 'அங்கயே வச்சிடுங்க சார்' என்கிற மனிதர் என் கை அழகில்லை என்று சொல்லவில்லை. என் கை தொடத்தக்கதல்ல என்கிறார். அதற்கு அழகு எப்படிப் பதிலாகும்? மாற்றப்பட வேண்டியது அவர் நடத்தை. மாற்றச் சொல்வதோ நான் என்னைப் பற்றி வைத்திருக்கும் படத்தை. அநியாயம் வெளியில் நடக்கிறது, பரிகாரம் எனக்குள் செய்யப்படுகிறது.

இன்னொன்று. வின்னி ஹார்லோவின் முகத்தில் வெண்மை இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுந்திருக்கிறது. உயரம், மெலிவு, எலும்பின் அமைப்பு எல்லாம் அந்தத் தொழில் ஏற்கெனவே கேட்பவை. இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. தன்னை நோயாளி என்றும் வெண்புள்ளி மாடல் என்றும் அழைக்காதீர்கள், நான் மாடல், எனக்கு வெண்புள்ளி இருக்கிறது, அவ்வளவுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். எல்லோரையும் விட அவர் தெளிவாக இருக்கிறார். நான் சொல்வது பார்ப்பவர்களைப் பற்றி. அழகின் மதில் ஒரு வேற்றுமைக்கு மட்டும் கதவு திறந்தது. மற்ற எல்லாவற்றிலும் அவர் ஏற்கெனவே உள்ளே இருந்தவர். மதில் அப்படியே இருக்கிறது. என் கையில் வெண்மை எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் பரவியிருக்கிறது. நகங்கள் ஸ்டாம்ப் மையில் ஊறியவை. அந்தப் படங்களின் வரிசையில் என் கையை வைத்தால், வெண்புள்ளிக்காரர்களிலும் அழகு குறைந்தவன் என்ற புதியதொரு பதவி எனக்குக் கிடைக்கும்.

நம் சமூகத்தின் விசித்திரம் ஒன்றையும் இங்கு சொல்ல வேண்டும். சிவப்பாக்கும் களிம்பான ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்தது 2020இல். இடையே நாற்பத்தைந்து வருஷங்கள் வெண்மையைக் குழாய் குழாயாக விலைக்கு வாங்கிய சமூகம், என் கையில் இலவசமாக வந்த வெண்மையைக் கண்டு கையை இழுத்துக்கொள்கிறது. ஆகவே விஷயம் நிறமே அல்ல. எல்லோருக்கும் ஒப்புதலான ஒரு மாதிரி வடிவம் இருக்கிறது. அதை நோக்கி நகர்வது மேன்மை, அதிலிருந்து வழுவுவது தீட்டு. களிம்பை விற்ற அதே யூனிலீவர்தான் தன் டவ் சோப்புக்காக 2004இலிருந்து உண்மையான அழகு என்ற பிரசாரத்தையும் நடத்தியது. மாதிரி வடிவத்தையும் அதிலிருந்து விடுதலையையும் ஒரே கூரையின் கீழ் விற்க முடிகிறது என்றால், அந்த விடுதலையைச் சற்றுத் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

என் சந்தேகம் வெறும் இலக்கியவாதியின் சந்தேகம் அல்ல என்பதற்கு ஒரு சோதனையைச் சொல்கிறேன். 2019இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டது. 18 வயதிலிருந்து 30 வயது வரையிலான 195 பெண்களைப் பிரித்து, ஒரு சாராருக்கு இன்ஸ்டாகிராமில் வரும் மெல்லிய இலட்சிய உடல்களையும், ஒரு சாராருக்கு உடலை உள்ளபடி கொண்டாடும் படங்களையும், மற்றவர்களுக்கு உடலே இல்லாத படங்களையும் காட்டினார்கள். கொண்டாடும் படங்களைப் பார்த்தவர்களின் மனநிலை உயர்ந்தது. தங்கள் உடல் குறித்த திருப்தி கூடியது. அக்கா மகள் சொன்னது சரி என்று இதுவரை ஆகிறது. ஆனால் அந்தச் சோதனை மேலும் ஒன்றைக் கண்டது. தங்களைப் பற்றிச் சொல்லும்போது, உடலே இல்லாத படங்களைப் பார்த்தவர்களைவிட, இலட்சிய உடலைப் பார்த்தவர்களும் சரி, கொண்டாடும் படங்களைப் பார்த்தவர்களும் சரி, தோற்றத்தைக் கொண்டே அதிகமாகச் சொன்னார்கள். திருப்தி வந்தது, ஆனால் திருப்தியோ அதிருப்தியோ, 'நான்' என்றதும் நினைவுக்கு வருவது தோற்றம் என்பது மாறவில்லை, கூடிற்று.

4

ரூபாய் எண்ணுவதற்கு இப்போது இயந்திரம் இருக்கிறது. ஆனாலும் பத்து ரூபாய், இருபது ரூபாய் நைந்த நோட்டுகளை அது துப்பிவிடும். கையால்தான் எண்ண வேண்டும். இந்தத் தொழிலில் பன்னிரண்டு வருஷம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். கை நன்றாக எண்ணும்போது கை இருப்பதே தெரியாது. கட்டை விரல் மடக்க மடக்க எண் மட்டும் உள்ளே ஓடும். நடுவில் எவனாவது என் கையை உற்றுப் பார்க்கிறான் என்று தெரிந்துவிட்டால், எனக்கும் என் கை தெரிய ஆரம்பித்துவிடும். வெண்மையும் கருமையும் தெரியும். நாற்பத்தொன்றா நாற்பத்திரண்டா என்பது போய்விடும். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

சாவித்துவாரத்தின் வழியே உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனை சார்த்தர் 1943இல் வெளியான தன் பெரிய தத்துவ நூலில் வர்ணிக்கிறார். பார்க்கும் வரை அவன் வெறும் பார்வை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும் அவன் பார்க்கப்படும் ஒரு பொருளாகிவிடுகிறான், வெட்கம் வருகிறது. என் நிலைமையில் எந்தத் தவறும் செய்யாமலேயே அந்தக் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஃப்ரெட்ரிக்ஸனும் ராபர்ட்ஸும் சக ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட சோதனை ஒன்றை இதனோடு சேர்த்துப் படிக்கலாம். கல்லூரி மாணவிகளை ஒவ்வொருவராக ஒரு அறையில் தனியே விட்டு, சிலரை நீச்சல் உடையையும் சிலரை ஸ்வெட்டரையும் அணியச் சொல்லி, கண்ணாடியில் பார்க்க வைத்து, அந்த உடையிலேயே கணக்குப் போடச் சொன்னார்கள். நீச்சல் உடை அணிந்தவர்கள் கணக்கில் பின்தங்கினார்கள். அறையில் அவர்களைப் பார்க்க வேறு யாரும் இல்லை. பார்ப்பவன் ஏற்கெனவே அவர்களுக்குள் குடியேறியிருந்தான். அவன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கணக்குக்கு இடம் குறைந்துவிட்டது.

உள்ளே குடியேறிய அந்தப் பார்வையாளன் திட்டுகிறானா, மெச்சுகிறானா என்பது இரண்டாவது கேள்வி. மெச்சினாலும் அவன் அங்கேதான் இருக்கிறான். இன்று மெச்சியவன் நாளை மெச்சாமல் போகலாம் என்பதால், அவனைச் சந்தோஷப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். சமூக ஊடகம் இந்தப் பார்வையாளனைச் சட்டைப் பையில் வைத்துக் கொடுத்து, அவனுடைய அபிப்பிராயத்தை எண்ணிக்கையாகவும் காட்டுகிறது. தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே மனம் நொந்திருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த நோவை அதிகப்படுத்துகிறது என்று சொன்னதை ஃபேஸ்புக் கம்பெனியின் சொந்த ஆய்வே பதிவு செய்திருந்தது. அது வெளியே வந்தது 2021இல், கம்பெனிக்குள் இருந்த ஒருவர் ஆவணங்களைக் கொடுத்ததால்.

எனவே நான் வந்து சேர்ந்த முடிவு இதுவாக இருந்தது: நல்ல பிம்பம் தேவையில்லை; பிம்பமே தேவையில்லை. எண்ணும் கை போல உடல் தன்னை மறந்திருப்பதுதான் சுதந்திரம். இதை எழுதி, நகல் எடுத்து, ஒரு நண்பருக்கு அனுப்பினேன். கவிதை எழுதுபவர்.

5

அவர் ஒரே வரியில் பதில் எழுதினார். 'உடலை மறப்பது என்பது மற்றவர்களால் உற்றுப் பார்க்கப்படாதவனின் சொத்து. அது உனக்கே இல்லாதபோது அதை மற்றவர்களுக்கு எப்படி உபதேசிக்கிறாய்?' கோபம் வந்தது. பதில் எழுதவில்லை. பதில் வேறு விதமாக வந்து சேர்ந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு தாயும் மகளும் கணக்குத் தொடங்க வந்தார்கள். கல்லூரி உதவித்தொகை அதில் வர வேண்டும். பெண்ணுக்கு இடது கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் வெண்புள்ளி. படிவத்தோடு தந்த பாஸ்போர்ட் அளவுப் படத்தில் அது இல்லை. முகம் முழுவதும் ஒரே நிறம், போதாததற்கு இரண்டு சாயல் வெளுப்பாகவும். ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் வைத்து அழித்திருக்கிறார்கள்.

படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. விதி தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணைப் பார்த்து, இந்தப் படத்தில் இருப்பது நீ இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? அதுவும் இந்தக் கையில் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு? அப்படியே ஒட்டி முத்திரை போட்டு அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். அது கருணையாகவும் தோன்றியது. ஆனால் அப்படிச் செய்தால் ஸ்டூடியோக்காரரோடு நானும் சேர்ந்து அவளை அழிக்கிறேன் என்றும் தோன்றியது.

"இந்தப் படம் பொருந்தலியேம்மா" என்றேன்.

அம்மா முந்திக்கொண்டார். "நாங்க கேக்கல சார். ஸ்டூடியோக்காரர் தானாவே பண்ணிக் குடுத்துட்டார். நல்லதுக்குத்தானேன்னு விட்டுட்டோம்."

நல்லதுக்குத்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2019இல் டிக்டாக் கம்பெனியின் உள்விதிகள் ஜெர்மனியில் வெளியானபோதும் இதே வார்த்தைதான் சொல்லப்பட்டது. மாற்றுத் திறனாளிகள், முகத்தில் வேறுபாடு உள்ளவர்கள் போன்றவர்களின் வீடியோக்கள் அதிகம் பேரிடம் போய்ச் சேராதபடி தடுக்கச் சொல்லியிருந்தார்கள். கேலிக்கு ஆளாகாமல் அவர்களைப் பாதுகாக்கத்தான் என்று கம்பெனி விளக்கியது. தவறுதான் என்றும் ஒப்புக்கொண்டது. கேலி செய்பவனைத் தடுப்பதைவிடக் கேலி செய்யப்படுபவனை அழித்துவிடுவது சுலபம். அன்பு அதைச் செய்யும்போது எதிர்க்கவும் முடிவதில்லை.

பெண் ஒன்றும் பேசவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக யாராவது பார்க்கும்போது வரும் தடுமாற்றம் எனக்கு அப்போது வரவில்லை. ஏன் என்று பிறகுதான் யோசித்தேன். அவள் செல்போனைத் திறந்து இன்ஸ்டாகிராமில் தன் பக்கத்தைக் காட்டினாள். வெள்ளைச் சுவர் முன்னால் நேராகப் பார்த்து நிற்கும் ஒரு படம். அலங்காரம் இல்லை, சிரிப்பு இல்லை. கண்ணைச் சுற்றிய வெண்மை அப்படியே இருந்தது.

"இதப் பிரிண்ட் போட்டுட்டு வரட்டுமா சார்?"

"கொண்டு வாம்மா" என்றேன். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். ஒட்டினேன்.

6

நண்பருக்கு நான் தர வேண்டிய பதில் அந்தப் படத்தில் இருந்தது. என் கட்டுரையின் முதல் வடிவத்தில் எது தவறு என்பதும் அதில் இருந்தது.

நான் இரண்டை மட்டும் எதிரெதிராக வைத்திருந்தேன்: மெச்சப்படும் பிம்பம், பிம்பமற்ற மறதி. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று இருக்கிறது. தினமும் பார்த்துக்கொண்டே கவனிக்காமல் விட்ட அதற்குப் பெயர் அடையாளம். பாஸ்புக்கில் ஒட்டும் படத்தைப் பார்த்து இவர் அழகா என்று யாரும் கேட்பதில்லை. இது இவரா என்றுதான் கேட்கிறோம். எங்கள் இலாகா எத்தனையோ விதங்களில் மனிதாபிமானமற்றது. ஆனால் இந்த ஒரு கேள்வி மட்டும், யோசித்துப் பார்த்தால், அழகைப் பற்றிய எல்லாக் கேள்விகளையும்விட மனிதனுக்கு மரியாதை தருவது. அதற்கு உண்டு, இல்லை என்ற இரண்டு பதில்கள்தான். உயர்வு தாழ்வு கிடையாது.

அந்தப் பெண்ணுக்குச் சமூக ஊடகம் செய்த உதவி இதுதான் என்று நினைக்கிறேன். ஊர் அவளை அழித்துக் கொடுத்த படத்துக்கு மாற்றாக, இது நான் என்று சொல்லும் ஒரு படத்தைத் தானே எடுத்து வைத்துக்கொள்ள ஓர் இடம் தந்தது. தன்னைப் போன்ற பிற முகங்களை அங்கே பார்த்திராவிட்டால் அவளுக்கு அந்தப் படத்தை எடுக்கத் தைரியம் வந்திருக்குமா என்றும் தெரியாது. ஆகவே அழகு என்ற கோஷத்தையும் நான் முழுக்கத் தள்ளிவிட முடியாது. பல வருஷம் சாத்திக் கிடந்த கதவைத் திறக்கச் சற்று உரக்கத்தான் தட்ட வேண்டியிருக்கும். ஆனால் கதவு திறந்த பின்னும் தட்டிக்கொண்டே நிற்கக் கூடாது. எப்படி இருக்கிறேன் என்ற கேள்விக்காகப் போடும் படம் பதிலுக்காகக் காத்திருக்கும். பதில் வந்தால் அடுத்த பதிலுக்காகக் காத்திருக்கும். இது நான் என்று போடும் படம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. போட்டவன் வேறு வேலையைப் பார்க்கப் போகலாம். உடலை மறப்பது அங்கிருந்துதான் ஆரம்பிக்க முடியும். பார்க்கப்படாதவனின் மறதி ஒரு சொத்து என்றால், தன்னைக் காட்டிவிட்டவனின் மறதி சம்பாத்தியம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. அழகு என்று சாதித்துவிட்டால் மருந்து தேடுகிறவன் துரோகியாகிவிடுகிறான். வெண்புள்ளியில் நிறம் திரும்புவதற்கான களிம்பு ஒன்றை அமெரிக்க அரசு 2022இல் அங்கீகரித்தது. அழகான ஒன்றை எதற்கு மாற்ற வேண்டும் என்று அவனைக் கேட்கலாம். அடையாளத்தில் அந்தச் சிக்கல் இல்லை. நிறம் திரும்பினால் படத்தை மாற்றிக்கொள்கிறோம், திரும்பாவிட்டாலும் மாற்றிக்கொள்கிறோம். நேசிக்கவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். உண்மையாக இருந்தால் போதும்.

அவள் பார்த்தபோது என் கை ஏன் தடுமாறவில்லை என்பதும் இதனால் விளங்குகிறது. அவள் என் கையை மெச்சவுமில்லை, அஞ்சவுமில்லை. அடையாளம் கண்டுகொண்டாள்.

இத்தோடு முடித்தால் நான் நல்லவனாக முடிந்துவிடுவேன். முடியவில்லை. என் சட்டையில் தொங்கும் வங்கி அடையாள அட்டையில் உள்ள படம் நான் வேலைக்குச் சேர்ந்த இருபத்து நான்காவது வயதில் எடுத்தது. உதட்டோரங்களில் ஒன்றும் இல்லாத முகம். புதிய படம் தரச் சொல்லி இரண்டு முறை சுற்றறிக்கை வந்தது. இரண்டு முறையும் ஏதோ காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன். ஒரு பெண்ணிடம் உன் படம் பொருந்தவில்லை என்று சொன்னபோது, பொருந்தாத படம் ஒன்று என் நெஞ்சின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதையும் பார்த்திருப்பாள். ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா மகளுக்கு எழுதியிருக்கிறேன், அடுத்த முறை வரும்போது ஒரு படம் எடுத்துக் கொடு என்று. கை வேண்டாம், முகம். அவள் பக்கத்தில் போடுவதற்கு அல்ல, அட்டைக்கு. இதை எழுதி முடிக்கும் இந்த இரவிலும் அட்டையில் பழைய படம்தான் இருக்கிறது.